காலையில் போய் இரவில் திரும்புகிற விமானப் பயணம்

சுற்றுலாவுக்குப் பறப்பவரிடம் நேரம் மிச்சம் இருக்கும். வேலைக்காக ஒரே நாளில் போய் வருபவரிடம் அது இருக்காது. காலை ஆறு மணிக்குச் சென்னையில் ஏறி, பதினொரு மணிக்கு மும்பையில் ஒரு கூட்டம், மாலை ஏழு மணிக்குத் திரும்பும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சும்மா கிடக்கவில்லை. கூட்டம் கெட்டுப்போகப் பெரிய அசம்பாவிதம் எதுவும் தேவையில்லை. டிக்கெட்டில் ஓர் எழுத்துப் பிழை, பெட்டியில் மறந்த பவர் பேங்க், சட்டையில் மூன்று சொட்டு மை, இவற்றில் ஒன்று போதும். எல்லாமே விமான நிலையத்தில் நடப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை முந்தின நாள் சாயங்காலமே, அல்லது டிக்கெட் போட்ட அன்றே, முடிவாகிவிட்டவை.

முதலில் பெயர். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே வாய்த்த சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிக்கெட் போடும் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். கடைசிப் பெயரில் ஒற்றை எழுத்தைப் போட்டால் சில தளங்கள் ஏற்பதில்லை. உடனே அலுவலகத்தில் டிக்கெட் போடுபவர் தனக்குத் தோன்றியதைச் செய்வார். ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், இன்னொருவர் உங்கள் பெயரையே இரண்டு தடவை அடிப்பார், மூன்றாமவர் இனிஷியலைப் பெயரோடு ஒட்டிவிடுவார். வாசலில் ஆள் நின்று அடையாள அட்டையைப் பார்த்தவரை இது பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. இனிஷியலும் விரித்த பெயரும் ஒன்றுதான் என்பது பார்ப்பவருக்குப் புரியும். 2022 டிசம்பரில் டிஜி யாத்ரா செயலி வந்தபின், அதைப் பயன்படுத்துகிறவருக்கு முகத்தைப் பார்த்துக் கதவைத் திறப்பது இயந்திரம். டிக்கெட்டில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது ஏற்காமல் போகலாம். பிறகு அதிகாலை ஐந்து மணிக்கு, வரிசையை விட்டு வெளியே வந்து, மற்ற வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆதாரில் உள்ளபடி முதல் கட்டத்தில் என்ன, இரண்டாம் கட்டத்தில் என்ன என்று நீங்களே ஒரு வரியில் எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே வரிதான் போக வேண்டும். டிக்கெட் வந்த நிமிடமே பெயரைப் படித்துப் பாருங்கள். அன்றைக்கே சொன்னால் எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம், கிளம்பும் நாளில் சொன்னால் பாடுதான். டிஜி யாத்ராவில் இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். செயலியை ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை ஏற்றி, அந்த விமான நிலையத்தோடு பகிர வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் தனியாக அதையே செய்ய வேண்டும். மாலையில் களைத்துப்போய் வாசலில் நின்றுகொண்டு செய்ய முடியாதபடி அப்போதுதான் நெட் படுத்தும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடுவது நல்லது.

அடுத்து தேதி. 15ஆம் தேதி 00.20 என்று டிக்கெட்டில் இருந்தால், அது 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய விமானம். 15ஆம் தேதி ராத்திரி நிதானமாகப் போய் நின்றால், நேற்றே போய்விட்டது என்பார்கள். படித்தவர், அனுபவசாலி என்று பார்க்காமல் எல்லாரையும் கவிழ்க்கிற பிழை இது. நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட விமானம் என்றால், காலண்டரில் "14 ராத்திரி 9.30க்கு வீட்டிலிருந்து கிளம்பு" என்று எழுதி வையுங்கள். விமான நேரத்தை எழுதாதீர்கள்.

எந்த நிலையம், எந்த டெர்மினல் என்பதில் சமீபத்தில் குழப்பம் கூடியிருக்கிறது. மும்பைக்கு இப்போது இரண்டு விமான நிலையங்கள். நவி மும்பை நிலையம் 2025 டிசம்பர் 25 முதல் இயங்குகிறது. கட்டணம் குறைவாகத் தெரிந்ததென்று டிக்கெட் போட்டுவிட்டு, கூட்டம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் என்றால், மிச்சம் பிடித்தது டாக்சியிலேயே போய்விடும், நேரமும் போகும். கூட்டம் பேலாப்பூரிலோ வாஷியிலோ பன்வேல் பக்கத்துத் தொழிற்பேட்டையிலோ என்றால் அதே நிலையம் வரப்பிரசாதம். பழைய மும்பை நிலையத்தில் டெர்மினல் 1, 2 இரண்டும் ஒரே ஓடுபாதைகளைப் பகிர்ந்தாலும், சாலை வழியே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. காலையில் ஒன்றில் இறங்கி மாலையில் இன்னொன்றில் ஏறுவது சகஜம். இரண்டு டெர்மினலுக்கும் மெட்ரோ மூன்றாம் தடத்தில் நிலையம் உண்டு. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கும் அதிலேயே போய்விடலாம். மழைக்காலத்தில் காரை விட அதுதான் நம்பிக்கையானது. டில்லியில் டெர்மினல் 1 தனியே ஒதுங்கி நிற்கிறது. அதற்கு மெஜந்தா தடம். 2, 3 இரண்டுக்கும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் தடம். பெங்களூரில் நிலையம் ஊருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், கூட்டம் எலக்ட்ரானிக் சிட்டியில் என்றால் பறந்த நேரத்தைவிடக் காரில் உட்கார்ந்த நேரம் அதிகமாக இருக்கும். நகர மையத்தில் வேலை என்றால், சென்னையிலிருந்து காலை வந்தே பாரத்தில் போவதையே சிபாரிசு செய்வேன். நாலரை மணி நேரத்துக்குள் ஊருக்கு நடுவில் இறக்கிவிடும், லேப்டாப்பைத் திறந்தபடியே போகலாம்.

எந்த நேர விமானம் என்பதையும் பருவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முழுக்க டில்லியில் விடிகாலை மூடுபனி. அங்கே மிகக் குறைந்த பார்வைத் தூரத்திலும் இறங்குவதற்கான கருவிகள் உண்டு. ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், புறப்படுவதற்கும் குறைந்தபட்சப் பார்வைத் தூரம் வேண்டும். ஒரு விமானம் தாமதமானால் அதோடு முடிவதில்லை. காலையில் டில்லியிலிருந்து கிளம்பும் அதே விமானம்தான் மதியம் சென்னை வந்து, மறுபடி கோவையோ கொல்கத்தாவோ போகும். சென்னையில் வெயில் அடிக்கும்போது விமானம் ஏன் தாமதம் என்று கேட்பவருக்கு விடை அங்கே இருக்கிறது. விமானத் தடங்களைக் காட்டும் செயலிகளில் உங்கள் விமானத்தின் பதிவெண்ணைப் பார்த்து, அது இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று தேடுங்கள். நிறுவனம் "சரியான நேரம்" என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, வரவேண்டிய விமானம் இன்னும் வாரணாசியில் நிற்பது தெரிந்துவிடும்.

ஜனவரியில் டில்லி வேலை என்றால் முந்தின நாள் மாலையே போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் ஒத்திகைக்காகக் காலையில் இரண்டரை மணி நேரம் போல வான்வெளியை மூடுவதும் உண்டு. மும்பையில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள், பராமரிப்புக்காக ஓடுபாதைகளைப் பகலில் ஆறு மணி நேரம் மூடுவார்கள். சென்னைக்கு நம் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. போகி அன்று காலை, கொளுத்திய புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து 2018இல் விமானங்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போனது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று நிலையமே மூடிக் கிடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் திரும்புவதை நம்பி மறுநாள் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திரும்பும்போது கடைசி விமானத்தைத் தவிர்க்கப் பாருங்கள். அது தாமதமானால் விமானி, பணிப்பெண்களின் பணிநேர வரம்பு முடிந்துவிடும். வரம்பைத் தாண்டிப் பறக்க அனுமதியில்லை, மாற்று ஆள் இல்லையென்றால் விமானம் ரத்து. அதற்கு முந்தின விமானம் என்றால் கைவசம் இன்னொன்று மிச்சம் இருக்கும்.

இனி பெட்டி. உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்புக்குப் பொதுவாகக் கையில் 7 கிலோ, செக்-இன்னில் 15 கிலோ. ஒரு நாள் பயணத்துக்குக் கைப்பை மட்டுமே போதும். செக்-இன் செய்தால் போகும்போது கவுன்டர், வரும்போது பெல்ட் என்று முக்கால் மணி நேரம் போய்விடும். விமானம் ரத்தானால் உள்ளே போன பெட்டியை மீட்பதே ஒரு வேலை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தானபோது, கைப்பையோடு மட்டும் வந்தவர்கள் அப்படியே ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ கிளம்ப முடிந்தது. பெட்டியைக் கொடுத்தவர்கள் அதற்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் எக்ஸ்ரேயில் தெரிந்து பெட்டியை நிறுத்துவார்கள், உங்களைக் கூப்பிடுவார்கள், அப்போது நீங்கள் செக்யூரிட்டி தாண்டியிருப்பீர்கள். வரம்பு 100 வாட்-ஹவர். அட்டையில் மில்லிஆம்பியர் மட்டும் இருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74, இரண்டும் தாராளமாகப் போகும். 30,000 என்றால் 111. அது விமான நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டிய ரகம். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை எடுத்துப் போகாதீர்கள், எவ்வளவு திறன் என்று காட்ட முடியாததை வெளியே எடுத்து வைக்கச் சொல்லலாம். விமானத்துக்குள் மேல் தட்டில் போடாமல் கண்ணில் படும்படி கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சூடானால் உடனே தெரிய வேண்டும்.

மாதிரிப் பொருள் எடுத்துப் போகிறவர்களுக்குச் சங்கடம் வேறு மாதிரி. திருப்பூர் மெர்ச்சன்டைசர் துணி மாதிரிகளோடு, துணியின் எடையைக் கணக்கிட வட்டமாக வெட்டியெடுக்கும் ஜிஎஸ்எம் கட்டரையும் பையில் போட்டிருப்பார். பார்க்க வட்டமான டப்பா, அடியில் பிளேடுகள். கைப்பையில் போகாது. சர்வீஸ் இன்ஜினியரின் ஸ்குரூடிரைவரும் ஸ்பேனரும் அப்படியே. மல்டிமீட்டர் போகும், ஆனால் தனி ட்ரேயில் வைத்துக் காட்டினால் கேள்வி குறையும். கருவி கட்டாயம் வேண்டும் என்றால் முந்தின நாளே கூரியரில் போகும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அல்லது கருவிகளுக்கென்று ஒரு சின்னப் பையை மட்டும் செக்-இன்னில் போடுங்கள். உறவினர் வீட்டுக்கென்று அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கைப்பையில் போகாது. இட்லிப்பொடியும் மிளகாய்ப்பொடியோடு சேர்ந்து மாட்டும். கொப்பரைத் தேங்காய் செக்-இன்னிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

கைப்பை மட்டும் கொண்டுபோனாலும் அது கையை விட்டுப் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. விமானம் நிறைந்து மேல் தட்டில் இடம் இல்லையென்றால், கேட்டிலோ விமான வாசலிலோ ட்ராலிக்கு ஒரு சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பிவிடுவார்கள். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் தட்டே சின்னது, வழக்கமான ட்ராலி நுழையாது. அந்த நிமிடத்தில் பெட்டியைத் தரையில் திறந்துவைத்து லேப்டாப்பையும் பவர் பேங்கையும் தேடுவது கொடுமை. அதனால் பெட்டிக்குள்ளேயே மேலாக ஒரு துணிப்பை வையுங்கள். லேப்டாப், பவர் பேங்க், மாத்திரை, சாவி, கூட்டத்துக்கான காகிதம், எல்லாம் அதற்குள். ஜிப்பைத் திறந்து ஒரே இழுப்பில் அது கையில் வர வேண்டும். ஏடிஆரில் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியே என்பதையும் நினைவில் வையுங்கள். முன் இருக்கைக்குக் காசு கொடுத்தவர் கடைசியாகத்தான் இறங்குவார்.

மை கசியும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காரணம் தெரிந்தால் தவிர்ப்பது சுலபம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல இருக்காது. ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலில் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாயிரம் அடியில் அழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஆகவே மூடிய எதற்குள்ளும் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். ஒரு மில்லிலிட்டர் மை பிடிக்கும் பேனாவில் பாதி மை, பாதி காற்று என்றால், அந்தக் காற்று விரிந்து ஏறக்குறைய மூன்று சொட்டு மையை நிப் வழியே தள்ளும். மூடி போட்டிருந்தால் மூடிக்குள் தேங்கும், இறங்கியபின் மூடியைக் கழற்றும்போது விரலிலும் சட்டைக் கையிலும் வழியும். கிளம்பும் முன் பேனாவில் மையை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நிப் மேலே பார்க்கும்படி சட்டைப்பையில் நிற்கட்டும். அப்போது மைக்குப் பதில் காற்று வெளியேறும்.

டிபன் பாக்ஸுக்கும் இதே கணக்கு. பாதி நிரம்பிய சாம்பார் டப்பா மேலே போனதும் கசியும். இறுக்கமான டப்பாவில் உள்ளே இருந்த காற்று மேலே வெளியேறிவிட்டு, இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மதியம் நான்கு பேர் மல்லுக்கட்டினாலும் திறக்காது. மூடியின் விளிம்பில் ஸ்பூன் காம்பை நுழைத்துக் கொஞ்சம் காற்று உள்ளே போகவிட்டால் தானே வந்துவிடும். புளியோதரை, சப்பாத்தி போன்ற உலர்ந்த சாப்பாடுதான் விமானத்துக்கு ஏற்றது. ஷாம்பூ, பற்பசை டியூபுகளை மூடும் முன் உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி எடுத்துவிடுங்கள்.

சளி பிடித்திருக்கும்போது பறந்தால், இறங்கியபின் காது அடைத்து, கூட்டத்தில் எதிரில் பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். ஏறும்போது காற்று காதிலிருந்து தானே வெளியேறிவிடும், இறங்கும்போதுதான் உள்ளே போக வழி வேண்டும். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் தூங்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதலாம், பலமாக ஊதக்கூடாது. சளி கடுமையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு மூக்கில் விடும் மருந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டியில் லேப்டாப்பை மாற்றி எடுப்பது அடிக்கடி நடக்கிறது. காலை விமானத்தில் பாதிப் பேரிடம் ஒரே கருப்பு அலுவலக லேப்டாப்தான். மேல் மூடியில் கண்ணுக்குத் தெரியும் வண்ண ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். வாட்ச், பெல்ட், சாவி, பர்ஸ் எல்லாவற்றையும் ட்ரேயில் தனித்தனியாகக் கொட்டாமல், வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போட்டு ஜிப் மூடிவிட்டால் மறக்க எதுவும் இருக்காது. அப்படியும் மறந்தால், பல நிலையங்களில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப் கண்டெடுத்ததை நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவில் ஒப்படைக்கிறது. அன்றே கேளுங்கள், எந்த வரிசை, எத்தனை மணி என்று சொன்னால் தேடுவது விரைவாகும்.

உள்ளே போனபின் காதை நம்பாதீர்கள். மும்பை போன்ற பல பெரிய நிலையங்களில் பொது அறிவிப்பே கிடையாது. கேட் மாறினால் திரையிலும் செல்போனிலும்தான் தெரியும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் செக்-இன் ஒரு மணி நேரம் முன்னதாகவும், கேட் 25 நிமிடம் முன்னதாகவும் மூடப்படும். ஏழு மணி விமானம் என்றால் உங்கள் நேரம் 6.35 தான்.

தாமதமானால் என்ன உரிமை என்று, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி தெளிவாகச் சொல்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு (சென்னை-மும்பை இதில் வரும்) இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். அதைவிட நீண்ட சென்னை-டில்லிக்கு மூன்று மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையே கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடம் தர வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று இழப்பீடு உண்டு. ஆனால் அந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அதுதான். மூடுபனி, புயல் போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. கவுன்டரில் சண்டை போடாமல், ரத்துக்கான காரணத்தை எழுத்தில் அல்லது குறுஞ்செய்தியில் வாங்கிவையுங்கள். பிறகு கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

கடைசியாகக் கணக்கு வழக்கு. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை டிக்கெட் போடும்போதே கொடுத்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அதாவது டிக்கெட்டில் கட்டிய வரியை நிறுவனத்தின் வரியில் கழித்துக்கொள்ள, முடியும். பிறகு சேர்க்கச் சொல்லி அலைவது பெரும்பாலும் வீண். ஹோட்டலில் விஷயம் வேறு. ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் பில்லில் வரும். உங்கள் நிறுவனத்துக்கு அங்கே பதிவு இல்லையென்றால் அந்த வரவு கிடைக்காது, எண்ணைக் கொடுத்தாலும் சரி. போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து மறைந்துவிடலாம். ஏறும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போன பாஸ், வந்த பாஸ், டாக்சி ரசீது மூன்றையும் அன்று இரவே, சென்னையில் கார் ஏறும் இடத்துக்கு நடந்து போய்க் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.